மன்னிப்பின் நான்காவது தரப்பு

கி.பி. 250இல் ரோமப் பேரரசர் டேசியஸின் ஆணை கார்த்தேஜ் நகரத்தை எட்டியது. பேரரசின் குடிகள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆணை. அப்படி வழங்கப்பட்ட சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தில் பப்பிரஸ் தாள்களாகவே கிடைத்திருக்கின்றன. மறுத்தவர்கள் சிறைக்கும் சித்திரவதைக்கும் போனார்கள். ரோமின் ஆயர் ஃபேபியன் ஜனவரி மாதமே உயிரிழந்தார். கார்த்தேஜின் கிறித்தவர்களில் பெரும்பாலோர் மறுக்கவில்லை. சிலர் பலியிட்டார்கள், சிலர் ஒரு சிட்டிகைச் சாம்பிராணியைத் தணலில் போட்டுவிட்டு வந்தார்கள், கையில் காசிருந்தவர்கள் பலியிடாமலேயே சான்றிதழை விலைக்கு வாங்கினார்கள். அடுத்த ஆண்டே டேசியஸ் போர்க்களத்தில் செத்துப்போனார், துன்புறுத்தல் ஓய்ந்தது. பலியிட்டவர்களும் சான்றிதழ் வாங்கியவர்களும் கண்ணீரோடு சபையின் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் அண்ணனைச் சிறையில் பறிகொடுத்தவர்களும் சவுக்கடியின் தழும்பு ஆறாதவர்களும் இருந்தார்கள்.

இரக்கத்துக்கும் கண்டிப்புக்குமான போட்டி என்று இதைச் சுருக்கிவிட முடியாது. கடவுள் இரக்கமுள்ளவர் என்பதை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை. அந்த இரக்கத்தைச் சபை எத்தனை முறை, எவ்வளவு காலம் கழித்து, யார் வாயால் அறிவிக்கலாம் என்பதில்தான் சண்டை மூண்டது. பின்வந்த நூற்றாண்டுகளிலும் அதே சண்டை வேறு வேறு உருவில் வந்தது. பெரும்பாலும் கண்டிப்பான தரப்பு தோற்றது, வாசல் இன்னும் அகலமாகத் திறந்தது. அகலமாகத் திறந்தது சரி என்றே நான் வாதிடப்போகிறேன். ஆனால் திறந்த வேகத்தில் ஒன்று நழுவியது. கடவுள், பாவி, சபை என்ற மூன்று தரப்புக்குள்ளேயே மன்னிப்பின் கணக்கு முடிந்துபோனது. அந்தப் பாவத்தால் அடிபட்ட ஆள், அதாவது நான்காவது தரப்பு, மெல்லப் பார்வையிலிருந்து மறைந்தார். கிறித்தவ மன்னிப்பை நோக்கி இன்று எழும் கூர்மையான கேள்விகள் எல்லாம் அந்த வெற்றிடத்திலிருந்தே வருகின்றன.

விவிலியத்தில் இந்த நான்காவது தரப்பு மறைந்திருக்கவில்லை. பொற்கன்றை வணங்கிய மக்களை அழிக்காமல் விட்ட பிறகு, சீனாய் மலையில் கடவுள் தன்னை மோசேக்கு அறிமுகப்படுத்திக்கொள்வது இரக்கமும் நீடிய பொறுமையும் உள்ளவராக. அதே மூச்சில், குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுபவரல்ல என்றும் சேர்த்துச் சொல்கிறார். எசேக்கியேல் நூலில் தீயவனின் சாவில் தமக்கு மகிழ்ச்சி இல்லை என்கிறார். நினிவே நகரம் மனந்திரும்பிப் பிழைத்துக்கொண்டதைப் பொறுக்காமல் கோபித்துக்கொண்டு போய் உட்காரும் யோனா, கடவுளின் கருணை தனக்கு அளவு மிஞ்சியதாகப்பட்ட இறைவாக்கினர். இவையெல்லாம் அடிக்கடி பேசப்படுபவை. அதிகம் பேசப்படாத ஒரு பகுதி லேவியர் நூலின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அயலாரை ஏமாற்றிப் பொருளைப் பறித்தவன் முதலில் அந்தப் பொருளையும் அதற்குமேல் ஐந்திலொரு பங்கையும் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதன்பிறகு பலியோடு குருவிடம் வரலாம் என்கிறது சட்டம். இயேசுவின் மலைப்பொழிவும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறது. பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கச் சொன்னவரும் ஊதாரி மகன் கதையைச் சொன்னவரும் இதே இயேசுதான்.

கண்டிப்புக்காரர்களை இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது வசதியானது, நியாயமானதல்ல. ஆதித் திருச்சபையில் திருமுழுக்கு என்பது முழுப் பழைய வாழ்க்கையையும் கழுவி முடித்த நிகழ்வு. அதற்குப் பிறகு கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும்பாவம் செய்தவருக்கு என்ன வழி? விலகிப்போனவரை மீண்டும் மனந்திரும்பச் செய்வது இயலாது என்று எபிரேயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் சொல்வதுபோலத்தான் தோன்றும். இரண்டாம் நூற்றாண்டு ரோமில் எழுதப்பட்ட ஹெர்மாஸின் ‘மேய்ப்பர்’ என்ற நூல் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு என்றது. இறையியலாளர் தெர்த்துல்லியன் தன் முந்தைய நூலொன்றில் அந்த ஒற்றை வாய்ப்பை ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் கண்டிப்புக்குப் பேர்போன மொந்தானியர்களோடு சேர்ந்த பிறகு, விபசாரத்துக்கு மன்னிப்பு அறிவித்த ஓர் ஆயரைக் கிழித்தெழுதினார், ஹெர்மாஸின் மேய்ப்பரையே விபசாரிகளின் மேய்ப்பர் என்று கேலி செய்தார். இவர்களுடைய அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. சின்னஞ்சிறிய சமூகம் அது. அதன் ஒரே சொத்து சொன்ன வாக்கில் நிற்பது. வாக்கு மீறலுக்கு விலை இல்லையென்றால் நேற்றுச் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்ற கேள்வி வரும்.

கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம்தான் மொத்த வரலாற்றுக்கும் அச்சாணி. அவருக்குச் சங்கடமும் இருந்தது. துன்புறுத்தலின்போது அவரே ஊரைவிட்டு மறைந்து வாழ்ந்தவர், எதிராளிகள் அதைக் குத்திக்காட்டத் தவறவில்லை. சிறையில் துன்பம் தாங்கிய விசுவாச வீரர்கள், தவறியவர்களுக்குச் சமாதானக் கடிதங்களை எழுதிக்கொடுக்கத் தொடங்கினார்கள். பெயர் குறிப்பிடாமல் இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும் என்று மொத்தமாகக்கூடச் சில கடிதங்கள் வந்தன. பெலிச்சிசிமஸ் என்பவரின் குழு அந்தக் கடிதங்களைக் காட்டினாலே போதும், எல்லாரையும் உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றது. ரோமில் நொவேஷியன் தன்னை எதிர் ஆயராக அறிவித்துக்கொண்டு, தவறியவர்களுக்குச் சபை சமாதானம் தரவே கூடாது, கடவுளிடம் விட்டுவிட வேண்டும் என்றார். சிப்ரியன் இரண்டையும் ஏற்கவில்லை. 251இல் கூடிய ஆயர்கள் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே விசாரித்து முடிவெடுத்தார்கள். சான்றிதழை மட்டும் வாங்கியவர்கள் திரும்பலாம், பலியிட்டவர்கள் நீண்ட தவம் இருக்க வேண்டும், சாகும் தறுவாயில் சமாதானம் பெறலாம். அடுத்த துன்புறுத்தல் நெருங்குகிறது என்ற அச்சம் வந்ததும், தவத்தில் இருந்த அனைவருக்கும் சமாதானம் கொடுத்துவிட்டார்கள். ஆயுதம் இல்லாதவனைப் போருக்கு அனுப்ப முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். சிப்ரியனே 258இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். மறைந்திருந்ததைக் குறித்த கேலி அதோடு ஓய்ந்திருக்கும்.

நொவேஷியன் தோற்றதற்கு அரசியல் காரணங்கள் உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம், தூயவர்களின் சங்கமாகத் தன்னை வரையறுத்துக்கொள்ளும் சபையால் பேதுருவை விளக்க முடியாது என்பதே. மூன்று முறை மறுதலித்தவன்மேல்தான் சபை கட்டப்பட்டது. 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் நொவேஷியனைப் பின்பற்றியவர்கள் திரும்பி வர வழி வகுத்தது. பேரரசர் லிசினியஸ் காலத்தில் வற்புறுத்தல் ஏதுமின்றித் தவறியவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுத் தவத்தை விதித்தது. சாகக்கிடப்பவர் எவருக்கும் நற்கருணையை மறுக்கக் கூடாது என்றும் தீர்மானித்தது. அந்தச் சங்கத்துக்கு வந்திருந்த நொவேஷிய ஆயர் அசேசியஸிடம், தனியாக ஓர் ஏணி வைத்து வானத்துக்கு ஏறிக்கொள்ளும்படி பேரரசர் கான்ஸ்டன்டைன் சொன்னதாக திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆயிரம் முறை தவறினாலும் ஆயிரம் முறையும் மனந்திரும்பி வரலாம் என்று போதித்ததாக ஆயர் யோவான் கிறிசோஸ்தோம் மேல் குற்றச்சாட்டே எழுந்தது. அது குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது.

விரிந்த வாசலுக்கு அப்போது கனமான கதவு இருந்தது. செசரேயாவின் ஆயர் பேசில் வகுத்த விதிப்படி வேண்டுமென்றே கொலை செய்தவன் இருபது ஆண்டுகள் தவம் இருக்க வேண்டும். நான்கு ஆண்டு வாசலுக்கு வெளியே அழுதுகொண்டு, ஐந்து ஆண்டு வாசகங்களைக் கேட்டுக்கொண்டு, ஏழு ஆண்டு மண்டியிட்டு, கடைசி நான்கு ஆண்டு மற்றவர்களோடு நின்றபடி நற்கருணை வாங்காமல். வாழ்க்கையில் ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. விளைவை எளிதாக ஊகிக்கலாம். மக்கள் திருமுழுக்கையே தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் 337இல் மரணப் படுக்கையில்தான் திருமுழுக்குப் பெற்றார். தள்ளிப்போடாதவர்கள் தவத்தைத் தள்ளிப்போட்டார்கள். கடுமையின் நோக்கம் பாவத்தைத் தடுப்பது, கிடைத்த பலனோ மனந்திரும்புதலைத் தடுத்தது. இதற்கான மருந்து ரோமிலிருந்து வரவில்லை, அயர்லாந்தின் மடங்களிலிருந்து வந்தது. ஆறாம் நூற்றாண்டிலிருந்து அங்கே தனியாக, எத்தனை முறை வேண்டுமானாலும் பாவத்தை அறிக்கையிட்டு, அதற்கேற்ற தவத்தைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் வளர்ந்தது. 589இல் தொலேதோவில் கூடிய சங்கம், ஆசைப்படும்போதெல்லாம் பாவம் செய்துவிட்டு அத்தனை முறையும் ஒப்புரவு கேட்கிறார்கள் என்று இதே போக்கை அருவருப்போடு கண்டித்தது. 1215இல் நான்காம் லாத்தரான் சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரும் தம் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று அதையே கடமையாக்கியது. ஒரு நூற்றாண்டின் ஊழல் இன்னொரு நூற்றாண்டின் சட்டமாவது சமய வரலாற்றில் புதிதல்ல.

தனி அறிக்கை வந்ததும் அடிபட்டவர் மறைந்தார் என்று சொல்ல ஆசை வரும். ஆனால் ஆதாரம் அதற்கு எதிராக இருக்கிறது. அயர்லாந்தின் கொலம்பானுஸ் பெயரில் வழங்கும் தவவிதிகளில் கொலை செய்த குருவுக்குரிய விதி வியப்பூட்டுவது. அவன் பத்தாண்டு நாடுகடத்தலில் இருக்க வேண்டும். திரும்பி வந்து, கொல்லப்பட்டவனுடைய தாய் தகப்பன் உயிரோடு இருந்தால் அவர்கள் முன் போய் நின்று, இறந்த மகனின் இடத்தில் இருந்து அவர்கள் சொல்வதையெல்லாம் செய்ய முன்வர வேண்டும். அப்படி ஈடு செய்யாதவனை ஒருபோதும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. கிறித்தவ மன்னிப்பின் வரலாற்றில் இதைவிடத் துல்லியமான விதியை நான் அறியேன். கடவுளின் மன்னிப்பு இங்கே ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வீட்டின் வாசல் வழியாகத்தான் போகிறது.

அந்த வாசல் அடைபட்டது மெல்ல மெல்லத்தான். நீண்ட நோன்புகளுக்குப் பதிலாகச் செபங்கள், செபங்களுக்குப் பதிலாகக் காணிக்கை, யாத்திரை, சிலுவைப்போர் என்று தவத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடுகள் பெருகின. மாற்றிக்கொடுக்கக்கூடியது எதுவோ அது கடவுளுக்கோ சபைக்கோ செலுத்தவேண்டிய கடனாக மட்டுமே இருக்க முடியும். மகனைப் பறிகொடுத்த தாய்க்குச் செலுத்தவேண்டியதை ஒரு யாத்திரையால் ஈடுகட்ட இயலாது, ஆகவே அந்தக் கடன் கணக்கிலிருந்தே விழுந்தது. இதே காலத்தில் கான்டர்பரியின் அன்செல்ம், பாவம் என்பது கடவுளுக்குரிய மாண்பைப் பறிப்பது, அதற்கு ஈடு செய்யப்பட வேண்டும் என்ற தன் கோட்பாட்டை எழுதினார். ஆழமான கோட்பாடுதான். ஆனால் அதிலும் கடன்காரர் மனிதர், கடன் கொடுத்தவர் கடவுள், வேறு யாருமில்லை. 1517இல் லூத்தர் பாவப்பரிகாரச் சீட்டு விற்பனையை எதிர்த்தெழுதிய கருத்துரைகளில் முதலாவது, விசுவாசியின் முழு வாழ்க்கையுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. வியாபாரத்தை அவர் உடைத்தார். ஆனால் அவருடைய பெரும் கேள்வி, இரக்கமுள்ள கடவுளை நான் எப்படி அடைவேன் என்பது, தனியாகக் கடவுள்முன் நிற்கும் மனிதனின் கேள்வி. 1551இல் திரெந்து சங்கம் அவருக்கு மறுமொழியாக மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் என்ற மூன்றையும் உறுதிசெய்தபோதும் பரிகாரம் என்பது முதன்மையாகக் கடவுளின் நீதிக்குச் செலுத்துவதாகவே விளக்கப்பட்டது. எதிரெதிராக நின்ற இரு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே அறைக்குள்தான் நின்றன.

இதற்கு விவிலியத்திலேயே ஒரு சாட்சி உண்டு. உரியாவைக் கொல்வித்து அவன் மனைவி பத்சேபாவை எடுத்துக்கொண்ட தாவீதின் மனந்திரும்புதல் மரபில் மிகவும் போற்றப்பட்டது. அவனுடையதாகச் சொல்லப்படும் ஐம்பத்தோராம் திருப்பாடல் தான் கடவுள் ஒருவருக்கு எதிராகவே பாவம் செய்ததாகப் பேசுகிறது. உரியாவின் பெயர் தலைப்பிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. ஆனால் அந்த மனந்திரும்புதலைத் தூண்டிய நாத்தானின் கதை முழுக்க முழுக்க உரியாவைப் பற்றியது. ஒரே ஒரு ஆட்டுக்குட்டியை வைத்திருந்த ஏழையிடமிருந்து பணக்காரன் அதைப் பறித்த கதை. கேட்ட தாவீது கொதித்தெழுந்து, பறித்தவன் நான்கு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறான். பிற்காலக் கிறித்தவம் தாவீதின் பாடலை நாள்தோறும் செபித்தது. அந்த நான்கு மடங்கை லூக்கா நற்செய்தியில் சகேயு என்ற வரிவசூல்காரன் மறக்காமல் எடுத்துக்கொள்கிறான்.

இனி எதிர்வாதங்கள். மிகப் பழையது, எளிதான மன்னிப்பு பாவத்தை வளர்க்கும் என்பது. இரண்டாம் நூற்றாண்டில் கிறித்தவத்தை எதிர்த்தெழுதிய செல்சஸ் கேட்டார்: மற்ற சமயங்களின் மறைச்சடங்குகளுக்குத் தூய கையுள்ளவர்களை அழைக்கிறார்கள், இவர்களோ திருடனையும் நஞ்சிடுபவனையும் அழைக்கிறார்களே? நான்காம் நூற்றாண்டில் பேரரசர் ஜூலியன் தன் அங்கத நூலில் கான்ஸ்டன்டைனை இயேசுவிடம் கொண்டுபோய் நிறுத்தினார். கொலைகாரனும் வரலாம், தண்ணீரில் கழுவிவிடுகிறேன் என்று அங்கே அழைப்பு கேட்கிறது. சொந்த மகன் கிறிஸ்புஸைக் கொன்றவர் கான்ஸ்டன்டைன் என்பது ஜூலியனின் வாசகர்களுக்குத் தெரியும். செல்சஸுக்கு ஓரிகன் சொன்ன பதில், அழைப்பு நோயாளிக்குரியது, குணமானவனுக்கே மறைபொருள் திறக்கும் என்பது. ஜூலியனின் கிண்டல் அதைவிடக் கூரியது, அதற்கு அந்தப் பதில் போதாது. கிறிஸ்புஸ் அங்கே யார் கணக்கிலும் இல்லை. ஜெர்மனியில் தீட்ரிக் போன்ஹாஃபர் 1937இல் மலிவான அருள் என்று கண்டித்ததும் சீடத்துவத்தின் விலையை விட்டுவிட்ட மன்னிப்பைத்தான். நாஜி ஆட்சியின் நடுவில் எழுதப்பட்ட நூல் அது. அந்த விலையில் பெரும்பங்கு அயலாருக்குரியது என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

இரண்டாவது எதிர்வாதம் மறுபக்கத்திலிருந்து வருவது. மனந்திரும்புதலை, அதிலும் ஈடு செய்வதை, நிபந்தனையாக்கினால் இரக்கம் கூலியாகிவிடாதா? இதற்குச் சகேயுவின் கதையில் நிகழ்ச்சிகள் வரும் வரிசையே விடை. சகேயு எதையும் சொல்லுமுன் இயேசு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் வீட்டுக்கு வருவதாக அறிவித்துவிடுகிறார். ஊர் முணுமுணுக்கிறது. அதன்பிறகுதான் பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் தருவதாக அவன் எழுந்து நின்று சொல்கிறான். ஊதாரி மகன் மனப்பாடம் செய்து வந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தகப்பன் உடுப்புக்கு ஆளனுப்பிவிடுகிறான். இரக்கம் முந்திக்கொள்கிறது, ஈடு அதன் பின்னால் வருகிறது. மன்னிப்பை வாங்கும் விலையாக ஈட்டைப் பார்த்தால்தான் முரண்பாடு. மன்னிப்பு உண்மையிலேயே ஒருவனுக்குள் இறங்கிவிட்டதற்கு அடையாளமாகப் பார்த்தால், ஈடு செய்ய மறுப்பவன் மன்னிப்பை வாங்கிக்கொள்ளவே இல்லை என்றாகிறது. பேதுருவையும் யூதாசையும் பிரிப்பது இதுதான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. யூதாஸ் முப்பது காசையும் திருப்பிக் கொடுத்தான், குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டான். திருப்பிக் கொடுக்கப்போன இடத்தில் அது உன் பாடு என்று கதவைச் சாத்தியவர்கள் குருக்கள். பாவிக்கு ஈடு செய்யத் துணைநிற்க வேண்டியவர்கள் கைவிட்ட கதையாகவும் அதைப் படிக்கலாம்.

மூன்றாவதுதான் ஆகக் கடினமானது. எனக்கு இழைக்கப்பட்ட கொடுமையை என்னைக் கேட்காமல் கடவுளோ குருவோ எப்படி மன்னிக்கலாம்? இரண்டாம் உலகப்போரின்போது லெம்பெர்க் நகரில், யூதர்களைக் கொன்றதற்காகத் தன்னிடம் மன்னிப்புக் கேட்ட சாகக்கிடந்த நாஜிப் படையாள் முன் யூதக் கைதியான சைமன் வீசன்தால் எதுவும் சொல்லாமல் எழுந்துபோனார். ‘சூரியகாந்தி’ என்ற அவருடைய நூல் அந்த மௌனம் சரியா என்று பலரிடம் கேட்கிறது. யூத மரபின் மிஷ்னா, அயலாருக்கு எதிரான பாவத்தைப் பாவநிவாரண நாள்கூடப் போக்காது, அயலாரைச் சமாதானப்படுத்தினால்தான் போக்கும் என்று வெகு காலம் முன்பே சொல்லிவிட்டது. அடிபட்டவர் தாமாக மன்னிப்பது வேறு விஷயம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிறித்தவ மறைப்பணியாளர் கிரஹாம் ஸ்டெயின்ஸும் இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டபோது, கொன்றவர்களை மன்னிப்பதாக அவர் மனைவி கிளாடிஸ் அறிவித்தார். வழக்கு அதன் வழியில் நடந்து, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. அந்த மன்னிப்பு எடையுள்ளதாக இருப்பதற்குக் காரணம் அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததுதான். வேறு எவர் அதைச் சொல்லியிருந்தாலும் அது அத்துமீறல். கடவுள் மன்னிப்பது கடவுளுக்கும் பாவிக்கும் இடையிலான பகையை. விதவையின் இடத்தில் நின்று அவளுக்குரிய வார்த்தையைச் சொல்லிவிடுவது அதில் அடங்காது.

சபைக்கு இது தெரியாததல்ல. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனுக்குப் பாவம் நீங்காது என்று அகஸ்டின் ஒரு கடிதத்தில் எழுதினார். எட்டாம் போனிபாஸ் 1298இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பு அதைச் சபைச் சட்டத்தின் விதியாகவே சேர்த்துக்கொண்டது. தாமஸ் அக்குவினாஸ் பொருளோடு நிற்கவில்லை. பொய்ப்பழி சுமத்தி ஒருவன் பேரைக் கெடுத்தவன், தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு அந்தப் பேரை மீட்டுத்தரக் கடமைப்பட்டவன் என்றார். 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் பாவமன்னிப்பு பாவம் உண்டாக்கிய சேதம் அத்தனையையும் சீராக்கிவிடாது, திருடியதைத் தர வேண்டும், கெடுத்த பேரை மீட்க வேண்டும், காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்கிறது.

இந்தப் பின்னணியில்தான் ஆஸ்திரேலியாவில் எழுந்த விவாதத்தைப் பார்க்க வேண்டும். குழந்தைகள்மீதான பாலியல் வன்முறையை நிறுவனங்கள் கையாண்ட விதத்தை விசாரித்த அரச ஆணையம் 2017 டிசம்பரில் அறிக்கை தந்தது. குழந்தையைச் சீரழித்ததாகப் பாவசங்கீர்த்தனத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டால், அவர் தாமே போய் அரசு அதிகாரிகளிடம் சொல்லும்வரை பாவமன்னிப்பை நிறுத்திவைக்கலாமா, நிறுத்திவைக்க வேண்டுமா என்பதை வத்திக்கானிடம் கேட்டுத் தெளிவுபடுத்தும்படி ஆஸ்திரேலிய ஆயர்களுக்குப் பரிந்துரைத்தது. 2020இல் வத்திக்கானின் பதில் வந்தது. மனஸ்தாபம் உண்மையானதா என்று குரு தீர்மானிக்கலாம், இல்லையென்றால் மறுக்கலாம், ஆனால் வெளியுலகில் பிறகு செய்யவேண்டிய ஒரு செயலை மன்னிப்புக்கு நிபந்தனையாக்க முடியாது. இந்தப் பதிலுக்குப் பின்னால் வலுவான அக்கறை இருக்கிறது. நிபந்தனை நிறைவேறியதா என்று குரு பின்தொடரத் தொடங்கினால் பாவசங்கீர்த்தன இரகசியம் கரையும், இரகசியம் இல்லாத இடத்துக்கு எந்தப் பாவியும் வரமாட்டான். தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் கடமை எவருக்கும் இல்லை என்ற பழைய சட்டக் கொள்கையும் அதன் பக்கம் நிற்கிறது. ஆனால் பொய்ப்பழிக்கு அக்குவினாஸ் விதித்ததும் வெளியுலகில் செய்யவேண்டிய செயல்தான். பல ஆண்டுகள் நம்பப்படாத ஒரு குழந்தையிடமிருந்து பறிக்கப்பட்டவற்றில் அதன் சொல்லின் நம்பகத்தன்மையும் ஒன்று. குற்றவாளி உண்மையை ஒப்புக்கொள்வதன்றி அதைத் திருப்பிக் கொடுக்க வேறு வழியில்லை. திருடிய ஆட்டைத் திருப்பித் தர மறுப்பவனின் மனஸ்தாபத்தை நம்பாமல் இருக்க ஒரு குருவுக்கு 1298இன் விதி முன்மாதிரியாக இருக்கிறது. அதே நம்பாமையை இங்கும் காட்டுவதற்கு அவர் புதிதாக எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.